அறைக்கு முன்னால் வேனைக் கேளுங்கள்

காலை 6.30 மணிக்குத் திருச்சிக்கு விமானம் என்று வைத்துக்கொள்வோம். அனைத்துலகப் பயணம் என்றால் மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்கிறார்கள். ஆக, 3.30க்கு கேஎல்ஐஏவில் இருக்க வேண்டும். ஈப்போவிலிருந்து செப்பாங் 250 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். வழியில் தாப்பா ஓய்வுப் பகுதியில் ஒரு நிறுத்தம், ஆளுக்கொரு தே தாரே, பெட்டி கட்டிய கயிறு தளர்ந்ததா என்று ஒரு பார்வை. எல்லாம் சேர்த்து மூன்றரை மணி நேரம். நள்ளிரவு 12 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும். சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கம் என்றால் 11 மணிக்கே.

பயணம் போகிறவர் ஒருவர். வழியனுப்பப் போகிறவர்கள் ஆறு பேர். வண்டி ஓட்டுகிறவர் அன்று காலை வேலைக்குப் போய்விட்டு வந்த மகன், இல்லாவிட்டால் மருமகன்.

சுபாங் காலத்திலிருந்தே நம்முடைய பழக்கம் இதுதான். 1998 ஜூனில் கேஎல்ஐஏ திறந்த பிறகு தூரம் கூடியது, பழக்கம் மாறவில்லை. தோட்டத்தில் ஒரு வீட்டில் ஊருக்குப் போகிறார்கள் என்றால் லயமே வாசலுக்கு வந்து நிற்கும். லயம் போய் தாமான் வந்தாலும் அந்த மனசு போகவில்லை. அதை நான் குறை சொல்லவில்லை. என் கவலையெல்லாம் அந்த மருமகனைப் பற்றித்தான்.

1997ஆம் ஆண்டு நேச்சர் ஆய்விதழில் டாசன், ரீட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு முடிவை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை, கண் ஒருங்கிணைப்பு, இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்பதே அது. நம் நாட்டில் 2020இல் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தைத் திருத்தியபோது மது வரம்பை 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 50 மில்லிகிராம் என்று குறைத்தார்கள். இரண்டும் ஒரே அளவு. காலை 6 மணிக்கு எழுந்தவருக்கு இரவு 11 மணியோடு 17 மணி நேரம் முடிந்துவிடுகிறது. ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத மனிதர், கார் சாவியைக் கையில் எடுக்கும்போதே அந்தக் கோட்டில் நிற்கிறார்.

போகும் வழியாவது பரவாயில்லை. பேச்சு இருக்கும், பாட்டு இருக்கும், பின்னாலிருந்து அம்மா "கடப்பிதழ் எடுத்தியா?" என்று பத்து தடவை கேட்பார். திரும்பி வருவதுதான் ஆபத்து. அழுது, கட்டிப்பிடித்து, கையசைத்து முடித்து 4.30க்கு வண்டியை எடுத்தால் ரவாங் தாண்டுவதற்குள் எல்லாரும் தூங்கிவிடுவார்கள். ஓட்டுகிறவர் மட்டும் விழித்திருப்பார். விடியலுக்கு முந்திய இந்த நேரத்தில்தான் மனித உடம்பு தூக்கத்துக்கு அதிகம் ஏங்கும்.

எங்கள் காலை நிகழ்ச்சியில் ஒருநாள் இதைப் பேச்சுக்கு எடுத்தேன். வழக்கமாக இப்படிப்பட்ட தலைப்புக்கு நேயர்கள் சிரிப்புக் கதைகளோடு அழைப்பார்கள். அன்று ஓர் இளைஞர் அழைத்தார். அப்பாவை ஏற்றிவிட்டுத் திரும்பும்போது சிலிம் ரீவர் பக்கம் கண் அசந்து, சாலையோர இரும்புத் தடுப்பில் உரசிக்கொண்டே போய்த்தான் வண்டி நின்றதாம். யாருக்கும் அடியில்லை. "அப்பாவுக்கு இன்னும் தெரியாதுண்ணே, வானொலியில சொல்றேன், அவர் கேட்கக் கூடாது" என்றார். பெயர் சொல்லவில்லை. அதன் பிறகு வந்த அழைப்புகள் எல்லாம் அதே மாதிரிதான். தாப்பா, பீடோர், தஞ்சோங் மாலிம் என்று இடம் மட்டும் மாறியது.

முதல் நாளே போய்விடலாமே

வழி எளிது. முதல் நாள் பகலிலேயே கிளம்பி, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தங்கும் விடுதியில் இரவைக் கழித்து, விடுதியின் வேனில் முனையத்துக்குப் போவது. ஈப்போ மேரு ராயாவிலுள்ள அமான்ஜெயா முனையத்திலிருந்து கேஎல்ஐஏவுக்கு நேரடிப் பேருந்து இருக்கிறது. ரயிலை விரும்புகிறவர்கள் ஈடிஎஸ்ஸில் கேஎல் சென்ட்ரல் வரை போய், அங்கிருந்து கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் ஏறலாம், 28 நிமிடம்தான். பெட்டிகள் அதிகம் என்றால் பேருந்தே மேல். வண்டி மாற்றவே வேண்டாம்.

சொன்னால் உடனே வருகிற பதில், "விடுதியா? காசு யார் கொடுக்கிறது?" சாலாக் திங்கி, கோத்தா வாரிசான் பகுதிகளில் இருவர் தங்கும் சாதாரண அறைக்கு நான் கொடுத்தது நூறு ரிங்கிட்டைச் சுற்றித்தான். ஏழு பேர் போய்வரும் வேனுக்கு எண்ணெய், டோல், நடுவில் சாப்பாடு, மறுநாள் இரண்டு பேர் எடுக்கும் விடுப்பு என்று கூட்டிப் பாருங்கள். இந்தியாவிலிருந்து வந்து திரும்பும் உறவினர் தங்கினால் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி சேரும். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அது இல்லை. நம் வீட்டுப் பெரியவர்களில் சிலர் இன்னும் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கிறார்கள், முகப்பில் அந்த அட்டையைக் காட்டச் சொல்லுங்கள்.

எந்த விடுதி என்பதைவிட எந்த முனையம் என்பதை முதலில் பாருங்கள். ஏர்ஆசியா என்றால் முனையம் 2, அதாவது 2014 மே மாதம் திறந்த பழைய பெயர் கேஎல்ஐஏ2. மலேசியா ஏர்லைன்ஸ், பாத்திக் ஏர், இண்டிகோ என்றால் முனையம் 1. இரண்டுக்கும் நடுவே ரயிலில் மூன்று நிமிடம், 2 ரிங்கிட். இலவசப் பேருந்தும் உண்டு. ஆனால் நள்ளிரவு தாண்டிச் சற்று நேரத்தில் ரயில் ஓய்ந்துவிடும். அதிகாலை 3 மணிக்கு, 25 கிலோ பெட்டியோடு, தவறான முனையத்தில் இறங்கிய 65 வயது அம்மாவை நினைத்துப் பாருங்கள்.

வேனே தேவைப்படாத விடுதிகளும் இருக்கின்றன. முனையம் 2இலிருந்து கூரையிட்ட நடைபாதையில் டியூன் ஹோட்டலுக்கு நடந்தே போகலாம். முனையம் 1க்கு சாமா சாமா, பாலத்தாலேயே இணைந்தது, விலையும் அதற்கேற்றபடி. முனையம் 2 வணிக வளாகத்துக்குள் கேப்சூல் டிரான்சிட் இருக்கிறது. மூன்று, ஆறு, பன்னிரண்டு மணி நேரக் கணக்கில் படுக்கை தருகிறார்கள். தனியாகப் போகும் இளைஞர்களுக்கு நல்ல ஏற்பாடு. முட்டி வலிக்காரர்களை மேல் பெட்டிக்கு ஏற்றிவிடாதீர்கள். ஒரு பெயர்க் குழப்பம் மட்டும் உண்டு. சாமா சாமா எக்ஸ்பிரஸ் என்று ஒன்றிருக்கிறது, அது குடிநுழைவுச் சோதனைக்கு உள்ளே, இடைவழிப் பயணிகளுக்கானது. முதல் நாள் இரவே போய்த் தங்க நினைக்கிறவருக்கு அது உதவாது.

இவை தவிர மற்றவை எல்லாம் வேனை நம்பிய விடுதிகள். சாலாக் திங்கி, கோத்தா வாரிசான், நீலாய் பக்கம் கடை வீடுகளின் மேல் மாடிகளில் வரிசையாக இருக்கின்றன. முனையத்திலிருந்து கால் மணி நேரம், அதிகம் போனால் அரை மணி. அறைகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். வேறுபாடு எல்லாம் வேனில்தான்.

வேனுக்குள் என்ன இருக்கிறது

விளம்பரத்தில் 'விமான நிலைய வேன் சேவை உண்டு' என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்குள் ஐந்தாறு விதமான ஏற்பாடுகள் ஒளிந்திருக்கின்றன. சில விடுதிகளில் வேன் மணிக்கொருமுறை தானாக ஓடும். சிலவற்றில் நாம் கூப்பிட்டால்தான் வரும். சில இடத்தில் இலவசம், சில இடத்தில் தலைக்கு இவ்வளவு. கொண்டுவிடுவது இலவசம், கூட்டிவர மட்டும் காசு என்று ஒரு விடுதியில் பார்த்தேன். அவர்கள் கணக்கு புரிகிறது. நடு இரவில் தாமதமான விமானத்துக்காகக் காத்துக்கிடப்பது ஓட்டுநருக்குச் செலவு.

முக்கியமான கேள்வி, முதல் வேன் எத்தனை மணிக்கு? உறவினர் ஒருவரோடு நான் தங்கிய விடுதியில் (பெயர் வேண்டாம்) முகப்பில் இருந்த பிள்ளை மிக இனிமையாகப் பேசினாள். வேன் உண்டு, இலவசம், எல்லாம் சரி. காலை 5 மணி முதல். எங்களுக்கு முனையத்தில் இருக்க வேண்டியதே 4 மணிக்கு. முன்பதிவுப் பக்கத்தில் நேரம் பற்றி ஒரு சொல் இல்லை. கடைசியில் கிராப் கூப்பிட்டுப் போனோம். அந்த நேரத்தில் அந்த ஊரில் கிராப் கிடைத்ததே பெரிது. அன்றிலிருந்து முன்பதிவுக்கு முன் விடுதிக்குத் தொலைபேசியில் பேசிவிடுகிறேன். செயலியில் எழுதியிருப்பது ஒன்று, ஓட்டுநர் தூங்கும் நேரம் வேறொன்று.

வேனில் பத்துப் பேர் உட்காரலாம் என்றால் பத்துப் பேரின் ஊர்ப் பெட்டியும் ஏறும் என்று பொருளில்லை. நம்முடைய பெட்டிகள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்குத் தெரியும். மைலோ டின், பிஸ்கட், பெயர்த்திக்குப் பொம்மை, புந்தோங்கில் வாங்கிய கச்சான் பூத்தே இரண்டு கிலோ. அதனால் அறை எடுக்கும்போதே முகப்பில் உள்ள வேன் பட்டியலில் நேரத்தோடு பெட்டிகளின் எண்ணிக்கையையும் எழுதச் சொல்லுங்கள். பல விடுதிகளில் அதிகாலை வேனுக்கு முந்திய இரவே பெயர் பதிய வேண்டும். பதியாதவருக்கு இடமில்லை. 4 மணி வேன் நிறைந்துவிட்டால் 3 மணி வேனில் போங்கள், 5 மணிக்காகக் காத்திருக்காதீர்கள். ஏர்ஆசியாவின் அனைத்துலகப் பயணங்களுக்கு, விமானம் புறப்பட ஒரு மணி நேரம் இருக்கும்போதே பெட்டி போடும் முகப்பு மூடிவிடும்.

திரும்பி வரும்போது வேறொரு சிக்கல். இரவு 11 மணிக்கு இறங்கி, பெட்டி எடுத்து வெளியே வருவதற்குள் ஈப்போ ரயில் போயிருக்கும், பேருந்தும் பெரும்பாலும் போயிருக்கும். அப்போதும் விடுதிதான் கதி. வேன் எங்கே நிற்கும் என்று மாடி எண், கதவு எண் இரண்டையும் முன்பே கேட்டு வையுங்கள். முனையம் 1இல் பயணிகள் வெளியே வருவது மூன்றாம் மாடியில், முனையம் 2இல் இரண்டாம் மாடியில். முனையம் 2இன் பேருந்துகள் நிற்பது முதல் மாடியில். "வெளியே வந்து நில்லுங்கள்" என்று மட்டும் விடுதிக்காரர் சொன்னால் விடாதீர்கள், எந்த வெளியே என்று கேளுங்கள். ஊரிலிருந்து வரும் உறவினர் கைப்பேசியில் நம் நாட்டு சிம் இருக்காது. விமான நிலையத்தின் இலவச வைஃபையில் வாட்ஸ்அப் அழைப்பு போகும்.

வெளியே வந்ததும் "ஓட்டல்? ஓட்டல்?" என்று பக்கத்தில் வந்து நடக்கிற ஆட்களும் உண்டு. 'உலாட்' என்று மலாயில் சொல்லும் அதே தரகர்கள்தான். விடுதி வேன் ஓட்டுநருக்கு உங்கள் பெயர் தெரியும். உங்கள் பெயரை உங்களிடமே கேட்கிறவர் வண்டியில் ஏறாதீர்கள்.

பெரட்டுக்கு எழுந்த உடம்பு

இதையெல்லாம் எங்கள் குடும்பத்தில் முதலில் ஏற்றுக்கொள்ளாதவர் அத்தை. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் மரம் வெட்டியவர். அந்தத் தோட்டம் இப்போது செம்பனை, ஒரு பகுதி வீடமைப்பு. "அனாதை மாதிரி தனியா போய் ஓட்டல்ல படுக்கணுமா? நீங்கல்லாம் எதுக்கு இருக்கீங்க?" என்றார். நியாயமான கேள்வி. தனியாக அனுப்பவில்லை, நான் உடன் போனேன். மற்றவர்கள் அமான்ஜெயாவில் வழியனுப்பினார்கள். ஆறு பேர், ஆரத்தி தவிர எல்லாம் நடந்தது. பகல் இரண்டு மணி வெளிச்சத்தில் கையசைத்துவிட்டு, கால் மணியில் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது என்று வீட்டில் எல்லாரும் பயந்தோம். விடுதியில் ஆங்கிலமே தேவைப்படவில்லை. முகப்பில் இருந்தவரும் ஓட்டுநரும் மலாய்க்காரர்கள். அத்தையின் தோட்டத்து மலாய் என்னுடைய பள்ளிக்கூட மலாயைவிட வேகமாகப் போய்ச் சேர்ந்தது. "பாங், புக்குல் அம்பாட் யா? ஜாஙான் லுப்பா!" என்று ஓட்டுநரிடம் விரல் நீட்டிச் சொன்னார். நான்கு மணி, மறக்காதே. மனிதர் சிரித்துக்கொண்டே பட்டியலில் இன்னொரு கோடு போட்டார்.

மறுநாள் நான் கைப்பேசி அலாரத்தோடு போராடி 3.40க்கு எழுந்தபோது அத்தை குளித்து, புடவை கட்டி, திருநீறு பூசி, பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். பெரட்டுக்கு எழுந்த உடம்பு. வேனைப் பார்த்ததும், "இது நம்ம தோட்டத்து லோரி கணக்குதான்" என்றார். பெரட்டு முடிந்து வெட்டுக்கு ஆள் ஏற்றும் லோரி நேரத்துக்குக் கிளம்பிவிடும், வராத ஆளுக்காக நிற்காது. வேனைப் பற்றி நான் அதுவரை சொன்ன விளக்கம் எல்லாவற்றையும்விட அது துல்லியம்.

வேன் இருட்டில் செம்பனைக்கு நடுவே போனது. கேஎல்ஐஏவைச் சுற்றி மைல் கணக்கில் இன்னும் அதுதான். கிஷோ குரோகாவா என்ற ஜப்பானியக் கட்டடக் கலைஞர் இந்த விமான நிலையத்தைக் காட்டுக்குள் ஒரு விமான நிலையம், விமான நிலையத்துக்குள் ஒரு காடு என்று கற்பனை செய்தார். அத்தை கேட்ட கேள்வி வேறு. "இங்கெல்லாம் முன்னாடி யாரு இருந்தா?"

இந்தக் கேள்விக்குப் பக்கத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. விமான நிலைய ரயில் நின்று போகும் புத்ராஜெயா, பிராங் பெசார் தோட்டத்தின் மேல் எழுந்த நகரம். முதல் உலகப் போரில் சண்டையிட்ட பிரிட்டிஷ் வீரர்கள் 1921இல் தொடங்கிய தோட்டம் அது. நம் ஆட்கள் 'பி.பி. மரம்' என்று சொல்வார்களே, அந்த இரண்டு எழுத்தும் பிராங் பெசாரின் எழுத்துகள்தான். அங்கு உருவாக்கிய ஒட்டுரகங்கள் பேராக் வரைக்கும் வந்தன. நிர்வாகத் தலைநகருக்காக நிலம் எடுத்தபோது பிராங் பெசார், காலோவே, மெடிங்லி, செட்ஜ்லி ஆகிய நான்கு தோட்டங்களின் குடும்பங்கள் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. இதைச் சொன்னதும் அத்தை, "நான் வெட்டினது பி.பி. மரம்தான்" என்றார். அதற்குள் முனையத்தின் விளக்குகள் தெரிந்துவிட்டன. ஓட்டுநர் சரியான கதவில் நிறுத்தி, தள்ளுவண்டியையும் எடுத்து வந்து கொடுத்தார்.

இவ்வளவு தூரம் தெற்கே போகத்தான் வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளலாம். ஈப்போ சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையத்திலிருந்து ஸ்கூட் சிங்கப்பூருக்குப் பறக்கிறது, அதே நிறுவனம் சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கும் பறக்கிறது. நேரம் பொருந்தினால் ஒரே பயணச்சீட்டாக வாங்கிப் பாருங்கள். தைப்பிங், பாரிட் புந்தார்க்காரர்களுக்குப் பினாங்கு பக்கம். 2024 டிசம்பரில் இண்டிகோ பினாங்கிலிருந்து சென்னைக்கு நேரடிச் சேவையைத் தொடங்கியது. அந்தக் காலத்தில் ரஜூலா கப்பல் ஏற நம் தாத்தாக்கள் போனதும் பினாங்குக்குத்தானே.

கேஎல்ஐஏதான் என்று முடிவாகி, பெரியவர் தனியாகவே தங்க வேண்டியிருந்தால் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். விடுதியின் பெயர், தொலைபேசி எண், முனையம் 1 அல்லது 2, வேன் நேரம், கதவு எண். தமிழில் எழுதி, கீழே அதையே மலாயில் எழுதுங்கள், வழியில் யாரிடமும் நீட்டிக் காட்டலாம். கைப்பேசியில் மட்டும் அனுப்பினால் பேட்டரி போன பிறகு யாருக்கும் பயனில்லை.

அத்தை மூன்று மாதம் கழித்து இரவு விமானத்தில் திரும்பினார். நான் வேலையில் மாட்டிக்கொண்டதால், முனையத்துக்கு வர அரை மணி ஆகும் என்று செய்தி அனுப்பினேன். பதில் குரல் பதிவாக வந்தது: "நீ ஓட்டிக்கிட்டு வராதே அய்யா. நான் வேன்ல ஏறிட்டேன். அதே பாங்தான். நீ காலையில வா."